நிற்கிற மண்

மச்சாள், இன்று காலை உன் மகள் வதனி போனில் ஒரு படம் அனுப்பினாள். "மாமி, என்ட அறைக்குப் பின்னால எவ்வளவு வடிவு எண்டு பாருங்க" என்று கீழே எழுதியிருந்தாள். பார்த்தேன். வடிவுதான். மேலே தேயிலை, அதற்கும் மேலே பனிமூட்டம், கீழே அவளுடைய உடுப்புக் காய்கிற கொடி. கொடிக்கும் தேயிலைக்கும் நடுவில் சிவந்த மண்ணை நேர்குத்தாக வெட்டி விட்டிருக்கிறார்கள். கத்தி வைத்து வெட்டிய தொதல் இனிப்பு மாதிரி நிற்கிறது.

அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உலையில் அரிசி போட மறந்துவிட்டேன். வானொலியில் மலைநாட்டுக்கு மண்சரிவு எச்சரிக்கை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உன் மகளோ வடிவு பார்க்கிறாள். உடனே போன் எடுத்தேன்.

"புள்ள, அந்த மண்ணை ஆரு வெட்டினது?"

"வீடு கட்டக்குள்ள வெட்டியிருப்பாங்க மாமி. இஞ்ச எல்லா வீடும் அப்பிடித்தான். மட்டமான நிலம் எங்க இருக்கு?"

"மேல பெய்யிற தண்ணி எங்கால போகுது?"

"எனக்கென்ன தெரியும்? நான் கணக்குப் படிப்பிக்க வந்தனான், தண்ணி ஓடுற கான் பார்க்க வரல்ல."

பார்த்தாயா வாயை? உன்னிடமிருந்து வந்த வாய்தான். நான் விடவில்லை. பின்கதவு இறுகுகிறதா என்று கேட்டேன். போய் இழுத்துப் பார்த்தாள். "மழைக்குப் பலகை ஊதியிருக்கும் மாமி" என்றாள். நிலத்தில் வெடிப்பு ஏதும் உண்டா என்றேன். "குசினிச் சீமெந்தில ஒரு கீறல் இருக்கு. பழைய வீடு, அதான்" என்றாள்.

பழைய வீடாம். கதவு இறுகுவதும் சீமெந்து கீறுவதும் மண் ஊருகிறதுக்கு அடையாளம் அல்லவா, மச்சாள்? யாரிடம் சொல்ல? இவரிடம் சொன்னால் வலையை மடித்து வைத்துவிட்டு முற்றத்தில் குறுக்கும் மறுக்கும் நடக்கத் தொடங்குவார். ஒரு வீட்டுக்கு ஒரு விசர் போதும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். மண் விஷயத்தில் என் பதைப்பு விளங்கக்கூடிய ஆள் நீ ஒருத்திதானே.

இந்தக் கேள்விகளையெல்லாம் நான் எங்கே படித்தேன்? உன் வீட்டு வளவில் படித்தேன். அதற்கு முன் எனக்கு மண் என்றால் செட்டிபாளையத்து மணல்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாங்கள். எங்கள் மணல் ஒளிவுமறைவு இல்லாதது. ஒரு முழம் கிண்டினால் அரை முழம் சரிந்து உள்ளே வரும். விழுவதென்றால் அந்த நிமிடமே விழுந்துவிடும். அதனால் கிணறு வெட்டுகிறவர்கள் முதலில் வாய் அகலமாக, தாம்பாளம் மாதிரி வெட்டி, உடனுக்குடன் சீமெந்துக் கொட்டு, அதுதான் உறை வளையம், இறக்குவார்கள். நிற்காத மண்ணோடு வாழ்ந்த எங்களுக்கு, நிற்கிற மண்ணைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

சுனாமி வந்த பிறகுதான் உன்னிடம் வந்து சேர்ந்தோம். பிள்ளைகளும் நாங்களும் தப்பினோம், வீடு தப்பவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தால் உப்பும் சேறும். கரையைக் கடல் ஆள் உயரத்துக்கு அரிந்து வைத்திருந்தது. அந்த விளிம்பிலிருந்தும் மணல் பொலுபொலுவென்று கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு சீலைப் பையோடு வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்கு, வெல்லாவெளிப் பக்கம், உன் வீட்டுக்கு வந்தோம். என் தம்பி உன் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது, "வயலும் சேறும், இவன் எப்படி இருக்கப்போறான்" என்று மூக்கைச் சுளித்தவள் நான். நீ அதையெல்லாம் மனதில் வைக்கவில்லை. படலையில் நின்று, "வாங்க மச்சாள், இது உங்கட வீடுதான்" என்றாய். அதோடு நின்றாயா? "கால்ல மணல் இல்லாம வந்திருக்கிறயள், இதுதான் முதல் தரம்" என்று பகிடியும் விட்டாய். அழுதுகொண்டு வந்தவள் சிரித்துவிட்டேன்.

ஒள்ளம் பொறு. எழும்பிப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இங்கே மழை இல்லை. அங்கே பெய்கிற மழைக்கு இங்கே வானம் பார்த்து என்ன கிடைக்கப்போகிறது? ஆனாலும் கால் கேட்கவில்லை.

இவர் அப்போது எப்படி இருந்தார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கடலே கதி என்று கிடந்த மனுசன், கடல் என்ற சொல்லைக் கேட்டாலே எழும்பி வெளியே போய்விடுவார். சோற்றைப் பிசைந்தபடி இருப்பார், வாயில் வைக்கமாட்டார். கோடை ஏறி உன் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போனது. இத்தனை பேர் குடித்தால் எந்தக் கிணறு தாங்கும்? அன்றைக்குத்தான் இவர் வாய் திறந்தார். "பின்வளவில ஒரு கிணறு வெட்டுறன்" என்றார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. மனுசன் மண்வெட்டி பிடித்தார், வேர்த்தார், பசி என்று கேட்டார்.

உன் மண்ணைக் கண்டு அவருக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. "இஞ்ச வந்து பாரு கா, வெட்டினபடியே நிக்குது! ஒரு துண்டு உதிரல்ல!" என்று குழிக்குள் நின்று கூப்பிட்டார். சுவரைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தார். கொட்டு எதற்கு, நல்ல மண், அடிவரைக்கும் இப்படியே போகலாம் என்றார். கிண்டின களிமண்ணையெல்லாம் விளிம்பிலேயே குவித்தார். எங்கள் மணலில் அப்படிக் குவித்தால் அந்த நிமிடமே எல்லாம் திரும்பக் குழிக்குள் வந்துவிடும். அங்கே வரவில்லை. வராததால், இனி வரவே வராது என்று நம்பினார். கடற்கரை ஆள் விடுகிற பிழை அதுதான். விழவில்லை என்றால் விழாது என்று நினைத்துவிடுவோம்.

நீ மட்டும் சும்மா இருக்கவில்லை. காலையில் குசினிச் சாம்பலை ஒரு சிரட்டையில் அள்ளிக்கொண்டு போய்க் குழியைச் சுற்றி வந்தாய். விளிம்பிலிருந்து நாலு எட்டுத் தள்ளி, நிலத்தில் பிறை மாதிரி வளைந்து ஒரு வெடிப்பு ஓடியது. மயிரிழைதான். கோடையில் களி வெடிப்பது புதினமா என்று நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. நீ அதன் குறுக்கே சாம்பலால் கோடு போட்டாய். கோலமா போடுகிறாய் என்று தம்பி கேட்டான். மறுநாள் காலையில் கோடு நடுவில் இடைவெளி விட்டிருந்தது. சிரட்டையைப் போட்டுவிட்டு, குழிக்குள் நின்ற இவரைக் கூப்பிட்டாய்.

"அண்ணன், மேல ஏறுங்க" என்றாய்.

"ஒள்ளம் பொறு தங்கச்சி, தண்ணி கசியத் தொடங்கிட்டு."

"தண்ணி வாறதாலதான் சொல்றன். ஏறுங்க."

"நிக்கிற சுவரைப் பார்த்து ஏன் புள்ள பயப்பிடுறாய்? கல்லு மாதிரி இருக்கு."

அந்த நேரத்தில் உன்னோடு சண்டைக்கு வந்தவள் நான்தான். "இந்த மனுசன் இப்பதான் எழும்பி ஆளாகி நிக்கிறார். நீ ஏன் கா குறுக்க விழுறாய்?" என்று கத்தினேன். அந்தக் கோபம் நியாயமான கோபம், மச்சாள், இப்பவும் சொல்வேன். சீலையைத் தூக்கிச் செருகினாய். ஏணியில் காலை வைத்தாய். விறுவிறுவென்று இறங்கிப் போய், இவருக்கு முன்னால், அந்தச் சேற்றில் சம்மணம் கட்டி இருந்துவிட்டாய்.

"நீங்க ஏறாட்டி நானும் இஞ்சதான் இருக்கன். விழுந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்து விழட்டும்."

மேலே நின்று தம்பி கெட்ட பேச்சுப் பேசினான். வதனி பால்குடி மறக்காத பிள்ளை, என் இடுப்பில் கிடந்து வீரிட்டாள். இவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஏறு தங்கச்சி, ஆக்கள் சிரிப்பாங்க" என்று கெஞ்சினார். "நீங்க முதல்ல ஏறுங்க, மறுகா நான் வாறன்" என்று நீ அசையவில்லை. கடைசியில் அவர் மண்வெட்டியைக் குழிக்குள்ளேயே எறிந்துவிட்டு ஏறினார். அவர் கால் நிலத்தில் பட்ட பிறகுதான் நீ எழும்பினாய்.

மண் விழவில்லை. அன்று விழவில்லை, அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. உனக்கு "மண்சாத்திரி" என்று பட்டம் வைத்தான் தம்பி. சாப்பிட இருந்தால், "சாத்திரியம்மா, இந்தக் கூரை எப்ப விழும்? பார்த்துச் சொல்லுங்கோ" என்பான். அயல் சனமெல்லாம் வந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்துச் சிரித்தது. நீயும் சிரித்தாய். ஆனால் ஏணியை எடுத்து ஒளித்து வைத்திருந்தாய்.

பிறகு கோடை மழை ஒன்று பெய்தது. மறுநாள் காலையில் எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மாடு ஒன்று பெருமூச்சு விட்டுப் படுக்கிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், நீ சாம்பல் போட்ட அந்தப் பிறை வழியே நிலம் பிளந்து, ஒரு அறையளவு மண் அப்படியே கீழே குந்திவிட்டது. மேலே முளைத்திருந்த புல்கூடக் கலையவில்லை, கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். இவர் குவித்த களியும் சேர்ந்து உள்ளே போயிருந்தது. குழி இருந்த இடத்தில் ஒரு பள்ளம். இவர் கோப்பையைக் கீழே வைத்தார். மாமரத்தடியில் போய் இருந்தார்.

அன்று உடுப்புத் தோய்க்கும்போதுதான் உன் அப்பாவைப் பற்றி எனக்குச் சொன்னாய். "அப்பா செங்கல் அறுக்கிற ஆள் மச்சாள். நல்ல களி அடியிலதான் இருக்கும். அடியை அரிஞ்சு அரிஞ்சு எடுத்தார். மேல மண் நிண்டிச்சு. மாரியும் பிடிச்சிச்சு. அவரைக் கையாலதான் கிண்டி எடுத்தம்." அவ்வளவுதான் சொன்னாய். துணியை அடித்துத் தோய்த்தபடியே, "நிக்கிற மண்ணுக்குத்தான் பயப்பிடோணும். விழுந்த மண் மறுகா என்ன செய்யப்போகுது?" என்றாய்.

அதற்குப் பிறகு நீ கத்தினால் நான் சிரிப்பதில்லை. மாரியில் குளக்கட்டில் நடந்து போய், கட்டின் தோளில் வெடிப்பிருக்கிறதா, வேலிக்கட்டைகள் ஒரே பக்கம் சாய்கின்றனவா, அடிவாரத்தில் கலங்கல் தண்ணீர் கசிகிறதா என்று பார்ப்பாய். நானும் பின்னால் வருவேன். "மண் நாலு விதமா வரும் மச்சாள்" என்று விரல் மடக்குவாய். வெட்டின சுவர் பிளந்து தலைகுப்புற விழும். களி பிறை கீறிக் குந்தும். சரிவில் கிடக்கிற மண் அடியில் தண்ணீர் பட்டதும் பாறைமேல் வழுக்கும். எல்லாம் கரைந்துவிட்டால் கூழ் மாதிரி ஓடும். "இதெல்லாத்துக்கும் முந்தி, ஆருக்கும் தெரியாம ஊரும். அதைத்தான் பிடிக்கோணும்" என்பாய். எல்லாவற்றுக்கும் காரணம் மூன்றுதான் உனக்கு: காலை வெட்டுவது, தலையில் பாரம் ஏற்றுவது, வயிற்றில் தண்ணீர் விடுவது. சிரிப்பாக இருக்கும். மனுசரும் அப்படித்தான் விழுகிறார்கள் என்று நான் சொன்னபோது நீ என் தொடையில் அடித்துச் சிரித்தாய்.

இதை நேற்று எழுதி நிறுத்தினேன். சொல்ல மறந்துவிட்டேன்: நேற்றே வதனிக்கு ஒரு வேலை கொடுத்தேன். "புள்ள, நீ வெண்கட்டி பிடிக்கிற ஆள்தானே. குசினிக் கீறலுக்குக் குறுக்க ஒரு கோடு போட்டு வை" என்றேன். "எதுக்கு மாமி, ஏதும் மந்திரமா?" என்று கேட்டாள். "ஓம், மந்திரம்தான். போடு" என்றேன். இன்று விடியவே படம் வந்தது. கோடு விட்டிருக்கிறது. ஒரு நூலளவு. கீழே ஒன்றும் எழுதவில்லை அவள். போன் எடுத்துக் கத்தினேன். வீட்டுக்கார அக்காவையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போ, இப்பவே போ, உடுப்பு எடுக்காதே என்று கத்தினேன். இவர் பக்கத்தில் வந்து நின்று, போனைப் பறித்து, "மகள், மாமி சொன்னாக் கேள்" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவள் போனாள்.

மச்சாள், அவள் போனதற்குக் காரணம் இவருடைய குரல்தான். இவருக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று உனக்குத் தெரியுமா? தெரிய வாய்ப்பில்லை. நீ பார்க்கவில்லையே.

பிறகு சண்டை மூண்டு, உன் ஊர்ப்பக்கம் செல் குண்டு விழத் தொடங்கி, படுவான்கரைச் சனமெல்லாம் வாவியைத் தாண்டி எங்கள் பக்கம் ஓடி வந்தது. அப்போது கரையில் எங்களுக்குப் புது வீடு எழும்பி, நாங்கள் திரும்பியிருந்தோம். படலையில் நின்று, "வாங்க, இது உங்கட வீடுதான்" என்று சொல்ல எனக்கு முறை வந்தது. ஆனால் உன் சொந்தக்காரர் எல்லாரும் கூடாரத்தில் கிடக்கும்போது, நான் மட்டும் ஓட்டு வீட்டில் படுப்பதா என்று நீயும் கூடாரத்துக்கே போனாய். பிடிவாதக்காரி. அந்தக் கூடாரத்தில்தான் காய்ச்சல் வந்தது. ஆசுபத்திரியில் கட்டில் இல்லை, நிலத்தில் பாய் போட்டுக் கிடத்தினார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். காய்ச்சல் வேகத்தில், "கட்டைப் பாருங்க, கட்டைப் பாருங்க" என்று பிதற்றினாய். குளம் வாவிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. பார்த்துவிட்டேன், நல்லாய் இருக்கு என்று பொய் சொன்னேன். செல் தின்னாத உன்னைக் காய்ச்சல் தின்றது.

நம்மில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அன்று யார் வழக்கம் பார்த்தது? கூடாரத்துக்கும் மயானத்துக்கும் நடுவில் ஒரு வேலிதான். வதனியைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றேன். உன் ஊர் ஆண்கள் குழி வெட்டினார்கள். களிமண் ஆட்கள் அல்லவா, அளவெடுத்து, ஓரம் நேராக வெட்டினார்கள். வெட்ட வெட்ட மணல் ஓடி உள்ளே வந்தது. திரும்ப அள்ளினார்கள். திரும்ப வந்தது. பெட்டி வெயிலில் காத்துக்கிடந்தது. என் தம்பி குழிக்குள் நின்றபடி தலையில் அடித்துக்கொண்டு, "அத்தான், இவளுக்கு ஒரு குழியும் நிக்குதில்லையே" என்று அலறினான்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். எல்லாரையும் மேலே ஏறச் சொன்னார். மணல் கேட்கிற மாதிரி, அகலமாக, ஒரு தோணியை இறக்கலாம் போல வாயை விரித்து வெட்டினார். பிள்ளைகளை விட்டு வாளி வாளியாகத் தண்ணீர் எடுப்பித்து நாலு பக்கமும் ஊற்றி நனைத்தார். ஈர மணல் கொஞ்ச நேரம் நிற்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும். "இப்ப இறக்குங்க, கெதியா" என்றார். நீ இறங்கும் வரைக்கும் அந்த மணல் நின்றது. கடலில் பிணம் பார்த்து அழாத மனுசன், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாய்விட்டு அழுதார். "என்னை ஏத்திவிட்டிட்டு நீ இறங்கிப்போட்டாயே தங்கச்சி" என்றார். வதனி என் சீலையைப் பிடித்து இழுத்து, "அம்மாட குழி மட்டும் ஏன் மாமி இவ்வளவு பெரிசு?" என்று கேட்டாள். எங்கட மண் அப்பிடி, புள்ள என்றேன். வேறென்ன சொல்ல?

சண்டை முடிந்து உன் சனமெல்லாம் திரும்பிப் போனது. தம்பி வயலோடு ஒதுங்கிவிட்டான். வதனி எங்களோடு இருந்து வளர்ந்து, படித்து, இந்தா, மலையில் போய் நிற்கிறாள். என் கையில் நீ வைத்துவிட்டுப் போனது அவளை மட்டும்தான். அதனால்தான் இந்தத் துடிப்பு.

இதை எழுதி வைத்துச் சில நாளாயிற்று. இன்று எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். வதனியும் வீட்டுக்கார அக்காவும் அறைக்குத் திரும்பிப் போனார்கள். போன் எடுத்து ஒரு ஏச்சு ஏசினாள் பார். "மாமி, ஒண்டும் விழல்ல! ஒரு பிடி மண் விழல்ல. மண்டபத்தில படுத்து முதுகு முறிஞ்சு போச்சு. பிள்ளைகள் என்னை மண் டீச்சர் எண்டு கூப்பிடுதுகள். எல்லாம் உங்களாலதான்." ஏசு மகளே, இன்னும் ஏசு என்று நான் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கண்ணீர் வழிகிறது, சிரிப்பும் வருகிறது. விழாத மண்ணைப் போல ஒரு நல்ல செய்தி உலகத்தில் உண்டா?

நீ எப்படிப் பொறுத்தாய், மச்சாள்? உன் ஆயுளுக்கும் நீ கத்தினதில் ஒரு தரம்தான் மண் விழுந்தது. மற்ற நாளெல்லாம் வீண் கத்தல்தான், சனத்துக்குப் பகிடிதான். அந்த வீண் நாட்களில் எத்தனை பேர் மண்ணை விட்டு ஏறி, உன்னைத் திட்டிக்கொண்டே, நல்ல பசியோடு வீட்டுக்குப் போனார்கள்! அவர்கள் யாருக்கும் தாங்கள் தப்பினது தெரியாது. அதை நீ ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

எழுதி முடிக்கலாம் என்று பார்த்தால் வானொலி திரும்பத் தொடங்கிவிட்டது. மேலே இன்னும் மழையாம். இவர் ஏற்கெனவே முற்றத்தில் நடக்கத் தொடங்கிவிட்டார். போன் எடுத்தேன்.

"மாமி, திரும்பவுமா?" என்றாள் உன் மகள்.

"ஓம் புள்ள, திரும்பவும்தான். அக்காவைக் கூப்பிடு. பாயை எடு."